செயப்படுபொருள் இல்லாத வினை

நாட்டை விட்டுப் போக விண்ணப்பித்த பதினோராம் நாள்
என் வரைபலகையைப் பூட்டினார்கள்.
அதன்பின் ரீகாவில், மாஸ்கவா தெருவில்,
ஒரு கட்டடத்தின் அடிவயிற்றில்
கொதிகலனுக்குக் கரி போடுகிறேன்.
ஓர் இரவுக்கு நாற்பது வாளி.
கணக்கு எழுத ஒரு நோட்டு,
கணக்கைச் சரிபார்க்க ஒருவர்,
அவரைச் சரிபார்க்க இன்னொருவர்.

வியாழக்கிழமைகளில் இஸாயின் சமையலறையில் கூடுவோம்.
குழாயைத் திறந்துவிட்டு,
வானொலியில் ஹாக்கியை அலறவிட்டு,
ஐந்து பேர், ஒரு நூல்.
நூல் என்றால் நூல் இல்லை.
யாரோ புகைப்படம் பிடித்து
யாரோ குளியலறை இருட்டில் கழுவித் தந்த தாள்கள்.
மருந்து நெடி போகாமல், ஓரம் சுருண்டு,
வலமிருந்து இடமாக நடக்கும் எழுத்துகள்.

செங்கல் அறுத்த அடிமைகளின் கதை வந்தபோது
ஃப்ரீடா சொன்னாள்: இதை மொழிபெயர்க்க வேண்டாம்,
எங்கள் ஆலைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.
வைக்கோல் கிடையாது. எண்ணிக்கை குறையாது.
சிரித்தோம். ஹாக்கியில் யாரோ கோல் போட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு நின்றது வேறோர் இடத்தில்.
அந்த ஜனங்கள் ஜெபிக்கவில்லை.
பென்சில் முனையால் வரிவரியாகத் தேடினேன்,
அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
முனகினார்கள், அவ்வளவுதான்.
விலாசம் எழுதாத கடிதம்.
அது எப்படியோ மேலே போய்ச் சேர்ந்தது.
கேட்டார். நினைத்தார். பார்த்தார்.
நான்காவது வினை: அறிந்தார்.
அதோடு புள்ளி.

எதை?
நான் வரைவாளர். அம்புக்குறி போட்டால்
அது எங்காவது போய் முட்டவேண்டும்.
செயப்படுபொருள் எங்கே என்று சண்டை போட்டேன்.
இஸாய் பல் வைத்தியன்,
ஓட்டையைக் கண்டால் அடைக்கத் துடிக்கும் கை.
அன்று அடைக்கவில்லை.
"இருக்கட்டும். நாக்கு அங்கேயே போய்ப் போய் வரட்டும்" என்றான்.

அடுத்த வியாழன் அவன் கதவில் காகித முத்திரை.

தாள்கள் என்னிடம் இருந்தன,
எண்ணெய்த் துணியில் சுற்றி, கரிக்குவியலுக்குள்.
பிப்ரவரி. தௌகவா ஆறு கல்லாகிக் கிடந்தது.
இரவு இரண்டு மணிக்கு
அதே பக்கத்தை விரித்திருந்தேன்.
படிகளில் பூட்ஸ், இரண்டு ஜோடி.
அதற்கு முன்னால் தேய்ந்த செருப்பொன்று:
வெல்டா. கட்டடம் கூட்டுகிற லாத்வியப் பெண்.
இரண்டு வருடத்தில் எங்கள் பேச்செல்லாம்
பனி, உப்பு, மண்வெட்டி.

உள்ளே வந்தாள். தாளைப் பார்த்தாள்.
அதன்மேல் உட்கார்ந்தாள்.
பாவாடையைப் பரப்பி, முழங்காலைத் தேய்த்தபடி
வந்தவர்களிடம் சொன்னாள்:
"இவளா? எழுத்துக் கூட்டவே தடுமாறுவாள்.
நோட்டு எழுதித் தருவதே நான்தான்."
ஒரு பொய்யை இவ்வளவு அலுப்போடு சொல்லலாம் என்று
எனக்குத் தெரியாது.
கரியைக் காலால் இடித்துப் பார்த்தார்கள்.
போனார்கள்.

அந்தக் கதையிலும் இருவர் உண்டு,
பேறு பார்க்கும் பெண்கள்.
அரசனின் முகத்துக்கு நேரே
இமைக்காமல் பொய் சொன்னவர்கள்.
கடல் பிளக்க இன்னும் எத்தனையோ பக்கம் இருந்தது,
அவர் வாயே திறந்திருக்கவில்லை.
நான்தான் வேகமாகப் புரட்டிவிட்டேன்,
பெரிய விஷயம் பின்னால் வரும் என்று.

வெல்டா எழுந்தாள்.
"நாற்பத்தொன்பதில் என் அண்ணனை ரயிலேற்றினார்கள்.
இதே படி, இதே சத்தம்.
அன்று யாரும் எதன்மேலும் உட்காரவில்லை."
மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இருபத்தேழாவது வாளி.
இஸாய் எங்கே என்று இன்றுவரை தகவல் இல்லை.
தாளில் குறுக்கே ஒரு மடிப்பு,
அந்த வினையை அடுத்த வெற்றிடத்தில்.
அதை நீவிவிடப் போனேன்.
விரலில் கரி இருந்தது.
கறுத்துவிட்டது.

அழிக்கவில்லை.